அபாயக்காவின் ஏழு அச்சுகள்

பல்லைப் பற்றி என்னிடம் யாரும் பெருமையடிக்க வேண்டாம். பதினோரு வருஷமாக அடுத்தவர் பல்லுக்கு அச்சு எடுப்பதுதான் என் பிழைப்பு. செருப்புக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், கோணல் பல்லைக் கம்பி கட்டி நேராக்கும் மருத்துவமனை. ரோஸ் நிற மாவைத் தண்ணீரில் குழைத்து, ட்ரேயில் அப்பி, வந்தவரின் வாய்க்குள் அமுக்கிப் பிடிப்பேன். அவர் ஓங்கரிப்பார், கண்ணில் நீர் விடுவார், என் விரலைக் கடிக்கப் பார்ப்பார். இரண்டு நிமிஷத்தில் மாவு இறுகிவிடும். அதை உருவியெடுத்து, பல் பதிந்த பள்ளத்தில் பிளாஸ்டர் ஊற்றிக் காய வைத்தால், அவருடைய பல்வரிசை அப்படியே வெள்ளையாக என் மேசையில் வந்து உட்காரும். சினிமா நட்சத்திரம் மாதிரி முகம் இருக்கும். அச்சை எடுத்துப் பார்த்தால் உள்ளே கலவரம் நடந்திருக்கும். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்கு மனித இனத்தின் மேல் பெரிய மரியாதை எதுவும் மிஞ்சவில்லை. அபாயக்கா மேல் மட்டும் உண்டு. அவருக்கு நான் செய்த காரியத்தைச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

வருகைப் பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கம்பி கட்ட வருகிறவர்களுக்கு அதில் உள்ள அபாயங்களை வாசித்துக் காட்டுவது அவர் வேலை. வயதில் எங்கள் எல்லோருக்கும் அக்கா. ஆகவே அபாயக்கா. அவரே போனை எடுத்து, "அபாயக்கா பேசறேன், சொல்லுங்க" என்பார். எதிர்முனையில் பாதிப் பேர் வைத்துவிடுவார்கள்.

இப்படி ஒரு வேலை உலகத்தில் உண்டா என்று கேட்பீர்கள். எங்கள் டாக்டர் உண்டாக்கினார். அதற்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கடைக்காரர் வந்து இரண்டு வருஷம் கம்பி போட்டுப் பல்லை நேராக்கிக்கொண்டு போனார். கம்பியைக் கழற்றிய பிறகு பல் நகராமல் இருக்கப் போட்டுக்கொள்ளும் ரிடெய்னரை ஒரு வாரம் போட்டார், பிறகு அலமாரியில் வைத்து மறந்தார். பல் சும்மா இருக்குமா? மெல்ல நடந்து பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. 'திரும்பிப் போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை' என்று புகார் எழுதிப் போட்டார். விசாரணைக் கமிட்டியின் முன்னால் டாக்டர், அவர் கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினார். நாலாவது பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் எல்லா அபாயமும் இருந்தது. கமிட்டித் தலைவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "இதை நீங்களாவது ஒரு தடவை படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாராம். டாக்டர் படித்ததில்லை.

அன்றிலிருந்து எங்கள் இடத்தில் ஒரு சட்டம் வந்தது. மொத்தம் பதினான்கு அபாயங்கள். ஒவ்வொன்றையும் சத்தமாக வாசிக்க வேண்டும். கேட்டவர் ஒவ்வொன்றுக்கும் "புரிஞ்சுது" என்று வாய்விட்டுச் சொல்லி, எதிரே ஒரு கையெழுத்துப் போட வேண்டும். பதினான்கு கையெழுத்தும் விழாமல் டாக்டர் ஒரு பல்லையும் தொடமாட்டார். முதலில் அவரே வாசித்தார். கையில் இடுக்கியைக் கொடுத்தால் எங்கள் டாக்டர் புலி. தாளைக் கொடுத்தால் தூக்க மாத்திரை. ஐந்தாவது அபாயத்தில் எதிரே இருப்பவர் கொட்டாவி விடுவார். டாக்டர் வாசிப்பதை நிறுத்தி, அந்தக் கொட்டாவிக்குள் எட்டிப் பார்த்து, "கடைவாய்ல சொத்தை இருக்கே" என்பார். பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இந்த லட்சணத்தில்தான் அக்கா வேலைக்கு வந்து சேர்ந்தார். அதற்கு முன் பதினெட்டு வருஷம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். ஒருநாள் அவரை உட்கார வைத்து எல்லா அறிவிப்பையும் பேசச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு, மறுநாள் நன்றி சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்றும் அதே நிலையத்தில்தான் அவர் பஸ் ஏறுகிறார். 'இன்றைய சேவை ரத்து செய்யப்படுகிறது, வருந்துகிறோம்' என்று அவர் குரலே மேலேயிருந்து சொல்லும். அக்கா அண்ணாந்து பார்த்து, "நீ எதுக்குடி வருந்தற, நடக்கப் போறது நான்" என்று திட்டுவார். பக்கத்தில் நிற்பவர்கள் நாலடி தள்ளி நிற்பார்கள்.

குரல் அப்படி. பல்தான் வேறு கதை. ஒரு தெத்துப்பல் இருந்தால் அழகு என்பார்கள். அக்காவுக்கு நாலு. முன்பல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று கால் போட்டு உட்கார்ந்திருக்கும். கோரைப்பல் இரண்டும் வரிசையில் இடம் கிடைக்காமல் வெளியே நிற்கும். மைக்குக்குப் பின்னால் இருந்தவரை அது யாருக்கும் தெரியாது. எதிரே ஆள் இருந்தால் மேலுதட்டை இழுத்து மூடிக்கொண்டே பேசுவார். சிரிப்பு வந்துவிட்டால் வலது கை பறந்து வந்து வாயை மூடும். கையில் டீ இருந்தால் டீயோடு வரும். அவருடைய சேலையில் எப்போதும் ஒரு கறை இருக்கும்.

முதல் வாரம் ஆறு பேர் வந்தார்கள். நான் பக்கத்து அறையில் மாவு குழைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நம்பர் மூணு. கேளுங்க. கம்பி இழுக்கற இழுப்புல பல்லோட வேரு நுனி கரையலாம். வேரு குட்டையாயிடும். பெரும்பாலும் கொஞ்சம்தான், வெளியில தெரியாது. சில பேருக்கு நெறைய கரையும். அந்தச் சில பேருல நீங்க இருக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"என்ன புரிஞ்சுது, சொல்லுங்க?"

இந்தக் கேள்வி தாளில் கிடையாது. அக்காவாகச் சேர்த்துக்கொண்டது. கேட்டவன் திருப்பிச் சொல்லாமல் விடமாட்டார். கம்பியைச் சுற்றிச் சரியாகத் தேய்க்காவிட்டால் பல்லில் வெள்ளைத் திட்டு விழும் என்பது நம்பர் நாலு. "கம்பியைக் கழட்டினதும் கட்டம் கட்டமாத் தெரியும். சுவத்துல காலண்டர் மாட்டின எடம் மாதிரி" என்று சொல்லி, சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றியே காட்டுவார். ரிடெய்னரை எத்தனை நாள் போட வேண்டும் என்று ஒரு இளைஞன் கேட்டான். "பல்லு உங்க வாயில இருக்கற வரைக்கும்" என்றார். தாடை மூட்டு வலிக்கலாம், சொடுக்கலாம் என்று வாசித்தபோது ஒருவருக்கு அங்கேயே தாடை சொடுக்க ஆரம்பித்துவிட்டது. இன்னும் கம்பியே கட்டவில்லை என்று டாக்டர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். சீருடையில் வந்திருந்த போலீஸ்காரர் ஈறு வீக்கத்தைக் கேட்டதும், "வண்டியை நிழல்ல நிறுத்திட்டு வந்துடறேன்" என்று போனவர்தான். லிப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை, படியிலேயே ஓடினார். அந்த வாரம் ஆறில் ஐந்து பேர் தப்பினார்கள். மிச்சம் ஒருத்தருக்குக் காது மந்தம்.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்காவை அனுப்பவும் முடியாது. கமிட்டிக்காரர்கள் வந்து பார்த்து, இப்படியல்லவா சொல்ல வேண்டும் என்று பாராட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஒரு யோசனை சொன்னேன்.

"கொஞ்சம் சிரிச்ச முகமா வாசிக்கச் சொல்லுங்க டாக்டர். சாவுச் சேதி மாதிரி சொன்னா யாருதான் இருப்பாங்க?"

டாக்டர் சொன்னார். அக்கா மூன்று நாள் கூச்சப்பட்டார். பிறகு வேலை என்றால் வேலை என்று, கையை மேசைக்கு அடியில் பிடித்து வைத்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்தபடி வாசிக்கத் தொடங்கினார். அன்று வந்த நாலு பேரும் பதினான்கிலும் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் ஐந்து பேர். ஒரு மாதத்தில் என் மேசையில் அச்சு வைக்க இடமில்லை.

இனிமையாகச் சொன்னதால் பயம் போய்விட்டது என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு நாள் மூன்றாவது அபாயம் முடிவதற்குள்ளேயே பதினான்கு கையெழுத்தையும் போட்டுவிட்டு வந்த ஒரு தையல்காரர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். மீதியைக் கேட்கவில்லையா என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "இன்னும் என்ன கேக்கணும்? அந்தம்மா வாயைப் பாத்தீங்கல்ல? பண்ணிக்கலேன்னா நம்ம கதியும் அதுதானே" என்றார்.

டாக்டரிடம் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. மறுவாரம் அக்காவின் மேசைக்கு மேலே ஒரு விளக்கு மாட்டினார். தாளில் விழ வேண்டிய வெளிச்சம் அக்காவின் வாயில் விழுந்தது. "டாக்டருக்கு என் கண்ணு மேல எவ்வளவு அக்கறை பாரு தம்பி" என்று அக்கா என்னிடம் சந்தோஷப்பட்டார். நான் ஆமாம் போட்டேன். எல்லாருக்கும் தெரிந்தது, அவர் ஒருவரைத் தவிர.

அக்காவின் வீட்டுக்காரர் லிப்ட் பழுது பார்ப்பவர். எங்கள் கட்டிட லிப்டும் அவர் பொறுப்புதான், அதனால் அது நின்று போனால் நாங்கள் யாரும் குறை சொல்வதில்லை. ஒரே மகள், ஒன்பது வயது. பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள் அக்கா அவளைக் கூட்டி வந்திருந்தார். என் அறையில் உட்கார்ந்து அச்சுகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெரிய ஆளின் கீழ்வரிசையைக் காட்டி, "இவருதான் உங்க பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர்" என்று புளுகினேன். அவள் சிரித்தாள். சிரித்த அந்த நொடியில் வலது கை பறந்து வந்து வாயை மூடியது.

நான் பார்க்காத பல்லா? அந்தப் பிள்ளைக்கு ஒரு பல்லில்கூடக் கோணல் கிடையாது. பாடப் புத்தகத்தில் படம் போடலாம். "உனக்கு எதுக்குடி கை? இவ்வளவு அழகான பல்லை வெச்சுக்கிட்டு?" என்றேன்.

"சிரிச்சா கை வைக்கணும்ல, மாமா" என்றாள். சாப்பிட்டால் கை கழுவணும்ல என்பதைப் போலச் சொன்னாள்.

வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் பேச்சை மாற்றினேன். அன்று சாயங்காலமே அக்கா டாக்டரின் அறைக்குப் போய், "எனக்கும் கம்பி கட்டுங்க" என்றார். "என்னால கையை நிறுத்த முடியல டாக்டர். பல்லு சரியானா கை தானா நிக்கும். நான் நிறுத்தினா அவளும் நிறுத்திடுவா. இப்ப விட்டா அவளுக்கு அது ஆயுசுக்கும் ஒட்டிக்கும்."

டாக்டருக்கு வியர்த்துவிட்டது. அக்காவின் பல் நேரானால் விளக்கு மாட்டி எதைக் காட்டுவது? "சட்டப்படி முதல்ல அபாயத்தைக் கேக்கணும்" என்று தாளை எடுத்தார். அன்றைக்குப் பார்க்க வேண்டும் எங்கள் டாக்டரை. தூக்க மாத்திரை எங்கே போயிற்றோ, நாடகக்காரர் மாதிரி எழுந்து நின்று வாசித்தார்.

"பல்லு உயிர் விட்டுடலாம்! உள்ளேயே செத்துப் போயி, கறுத்து, நீலமாகி..."

"டாக்டர், அது அஞ்சு. நாலை விட்டுட்டீங்க."

"வாயெல்லாம் புண்ணு! கம்பி குத்திக் குத்தி, ஒரு வாய் சோறு எறங்காது!"

"ஒரு வாரத்துல பழகிடும்னு எழுதியிருக்கே, அதையும் வாசிங்க."

"இவ்வளவும் பட்டு, கடைசியில பல்லு பழைய எடத்துக்கே திரும்பிப் போயிடலாம்! எதுக்கும்மா இந்த வயசுல?"

"புரிஞ்சுது" என்று பதினான்கு தடவையும் சொல்லி, என்ன புரிந்தது என்பதையும் தானாகவே ஒப்பித்து, பதினான்கு கையெழுத்தும் போட்டுவிட்டு அக்கா எழுந்தார்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அச்சு சரியா வரலைன்னு சொல்லிடு."

"எத்தனை தடவைன்னு சொல்றது?"

"அவங்களா அலுத்துப் போற வரைக்கும். இந்த இடம் நடக்கணும்ப்பா. உனக்கும்தான்."

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சரி என்றேன். கோழைத்தனத்துக்கு வேறு பெயர் கொடுக்க எனக்குத் தெரியவில்லை.

முதல் தடவை, காற்றுக் குமிழி விழுந்துவிட்டது என்றேன். இரண்டாவது தடவை, கீழே போட்டு உடைத்துவிட்டேன் என்றேன். மூன்றாவது, பிளாஸ்டர் பழசு. நாலாவது, காற்றில் ஈரம். ஐந்தாவது, அக்கா சரியாகக் கடிக்கவில்லை. ஆறாவதில் காரணம் தீர்ந்துபோய், "நீங்க மனசுல ஏதோ நெனைச்சுட்டீங்கக்கா, அச்சுல தெரியுது" என்று உளறினேன். அக்கா அதற்கும் மன்னிப்புக் கேட்டார். உண்மையில் ஆறும் நான் எடுத்ததிலேயே நல்ல அச்சுகள். அவற்றை உடைக்க எனக்குக் கை வரவில்லை. கீழ் இழுப்பறையில் துணி போட்டு மூடி வைத்தேன்.

ஏழாவது தடவை அக்காவுக்கு மாவு தொண்டை வரைக்கும் போய்விட்டது. உடம்பு குலுங்க ஓங்கரித்தார், மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிந்தது, ஆனால் தலையை அசைக்காமல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். ட்ரேயை உருவியதும் நான் டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். கொப்பளித்துத் துப்பிவிட்டு, மூச்சு வாங்க என்னைப் பார்த்தார்.

"உனக்குத்தான் பாவம் தம்பி. என் ஒருத்திக்காக எத்தனை தடவை கலக்கற."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பிளாஸ்டர் காய்ந்ததும் ஏழு மேல்வரிசை, ஏழு கீழ்வரிசை எல்லாவற்றையும் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு போய் அக்காவின் மேசையில், அந்த விளக்குக்குக் கீழே வைத்தேன்.

அக்கா ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் ஒரே பல். ஒரே கால் போட்ட முன்பல், ஒரே வெளியே நிற்கும் கோரைப்பல்.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குக்கா."

"அப்ப ஏன்?"

சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன், தையல்காரர் சொன்னதையும் சொன்னேன். சிரித்துக்கொண்டே வாசிக்கச் சொன்ன யோசனை என்னுடையது என்றும், விளக்கு எதற்கு என்றும் சொன்னேன். அக்கா கையை நீட்டி விளக்கை அணைத்தார். 

"ஏழு தடவையும் கொப்பளிக்கத் தண்ணி குடுத்தது நீதானே" என்றார்.

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். நின்ற இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அதைப் பார்க்கக்கூட இல்லை. நேரே டாக்டரின் அறைக்குப் போய், "இன்னைக்கே எக்ஸ்ரே எடுங்க. இன்னைக்கே கம்பி கட்டுங்க. இல்லேன்னா கமிட்டிக்கு நானே போய் வாசிப்பேன்" என்றார்.

 டாக்டருக்கும் தலை குனிந்துதான் இருந்தது. எக்ஸ்ரே எடுத்தார். முதலிலேயே எடுத்திருக்க வேண்டியது அது. கம்பி கட்டும் எண்ணமே இல்லாததால் எடுக்கவில்லை. படத்தை வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்த்தார். எடுத்து ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் முகத்தில் ரத்தமில்லை.

"உங்க பல்லு எல்லாத்துக்கும் வேரு குட்டை. பிறவியிலேயே அப்படி. இதுக்குக் கம்பி கட்ட முடியாது. இருக்கற கொஞ்ச வேரும் கரைஞ்சுட்டா, பல்லு ஆடி விழுந்துடும்."

"நம்பர் மூணு" என்றார் அக்கா.

"ஆமா. அந்தச் சில பேருல நீங்க இருக்கீங்க."

அக்கா என் பக்கம் திரும்பினார். "இதுவும் சொல்லிக் குடுத்ததா?"

நான் படத்தைப் பார்த்தேன். எனக்கும் கொஞ்சம் தெரியும். மற்றவர்களுக்கு நீளமாக இறங்கும் வேர், அக்காவுக்குப் பாதியில் முடிந்துபோயிருந்தது. "இல்லக்கா. இது நெசம்."

"ஏழு தடவை ஏமாந்தேன். இது எட்டாவது தடவை" என்றார் அக்கா. படத்தை எடுத்துக் கைப்பையில் வைத்தார். கீழே செருப்புக் கடையில் ஒரு அட்டைப்பெட்டி வாங்கி வந்து, பதினான்கு அச்சையும் அதில் அடுக்கினார். "என் பல்லு. என்கிட்ட இருக்கட்டும்." பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியில் இறங்கினார். வீட்டுக்காரர் பழுது பார்த்த லிப்ட் அன்றைக்கும் ஓடவில்லை.

நான் பின்னாலேயே போனேன். அதே பஸ்ஸில் ஏறி இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தேன். வராதே என்று அவர் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. நகரத்தின் மறுகோடியில் எங்களுக்குப் போட்டியான ஒரு பல் மருத்துவமனை இருக்கிறது. கம்பி கட்டிக்கொள்ள ஆள் வந்தால் வேண்டாம் என்று சொல்லாத இடம் என்று பெயர். அங்கே இருந்த டாக்டரம்மா படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"இதுக்குக் கம்பி கட்டறேன்னு யாராவது சொன்னாங்களா? சொன்னா அங்கருந்து ஓடிடுங்கம்மா. பல்லு நேராகும். நேரான பல்லு உங்க கையில வந்துடும்."

"உங்களுக்கு என்னைத் தெரியுமா?" என்று கேட்டார் அக்கா.

"தெரியாதே."

"நான் எங்க வேலை பாக்கறேன்னு தெரியுமா? யாராவது போன் பண்ணிச் சொன்னாங்களா?"

"இல்லம்மா. ஏன்?"

"அப்ப நெசம்தான்" என்று அக்கா படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அழும்போதும் அதே வலது கை வாயை மூடியிருந்தது. நாங்கள் ஆறு பொய் சொல்லாமல் இருந்திருந்தால், இந்த ஒரு உண்மையை எங்கள் இடத்திலேயே, அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து கேட்டிருப்பார். ஊர் சுற்றி ஒரு முன்பின் தெரியாத அம்மாவிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அதை நினைத்து எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

நாலு நாள் அக்கா வேலைக்கு வரவில்லை. டாக்டரே வாசித்தார். கொட்டாவிகள் திரும்பி வந்தன. ஒரு அம்மாள் பாதியில் எழுந்து கண்ணாடியில் பல்லைப் பார்த்து, "இருக்கறதே நல்லாத்தான் இருக்கு" என்று போய்விட்டார். இரண்டாம் நாள் டாக்டர் தானே ஸ்டூல் போட்டு ஏறி அந்த விளக்கைக் கழற்றினார். இறங்கும்போது, "நீ போய்ப் பாத்துட்டு வாயேன். எனக்கு மூஞ்சி இல்ல" என்றார். எனக்கு மட்டும் இருக்கிறதா? இருந்தாலும் ஐந்தாம் நாள் போனேன்.

கதவு திறந்தே இருந்தது. வாசலில் அக்காவின் வீட்டுக்காரர் கருவிப்பையோடு செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். "உள்ள போங்க. ஒருத்தியே அதிகம், இப்ப ஏழு பேரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூடத்துத் தரையில் ஏழு மேல்வரிசையும் ஏழு கீழ்வரிசையும் வட்டமாகப் பரப்பியிருந்தன. பிள்ளை ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் எழுதியிருந்தாள்: கோபம் அம்மா, தூக்கம் அம்மா, ஞாயிற்றுக்கிழமை அம்மா. அவள் இரண்டு கையிலும் கோபம் அம்மா. அக்காவின் இரண்டு கையிலும் தூக்கம் அம்மா. கோபம் அம்மா தூக்கம் அம்மாவைப் பார்த்து, "வீட்டுப்பாடம் முடிச்சியா இல்லையா?" என்று பல்லை டக் டக் என்று அடித்துக்கொண்டு கேட்டது. தூக்கம் அம்மா பதிலுக்கு ஒரு குறட்டை விட்டது. இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். நாலு தெத்துப்பல்லும் வெளியே வரும்படி அக்கா சிரித்து நான் பார்த்தது அன்றுதான். இரண்டு பேர் கையும் நிறைந்திருந்தது, அதனால் யார் வாயையும் எதுவும் மூடவில்லை.

அக்கா என்னைப் பார்த்துவிட்டார். பழக்கதோஷத்தில் வலது கை விருட்டென்று வாய்க்குப் போயிற்று. கையில் மேல்வரிசை இருந்தது. தன் பல்லைத் தன் பல்லாலேயே மூடிக்கொண்டு, அதற்கு மேலாக என்னை முறைத்தபடி உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்துப் பிள்ளை தரையில் உருண்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தும் முடியவில்லை. அக்கா அச்சைக் கீழே இறக்கினார்.

"அந்த விளக்கு இருக்கா?"

"டாக்டரே கழட்டிட்டாருக்கா."

"திங்கக்கெழமை வரேன். நீ எடுத்த அச்சு நல்லா இருக்கு. நீதான் சரியில்ல."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சா சரி. உக்காரு."

உட்கார்ந்தேன். பிள்ளை சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, துடைப்பதற்காக இரண்டு அச்சையும் தரையில் வைத்தாள். கண்ணைத் துடைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அக்கா எடுத்து, அது தூங்கி எழுந்து சோம்பல் முறிப்பதைப் போல வாயை அகலத் திறந்து காட்டினார். பிள்ளைக்கு மறுபடியும் சிரிப்பு பொங்கியது. இந்தத் தடவை அவள் கை காலி. அது கிளம்பியது. அக்கா அதைப் பார்த்தார். கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளையைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். மடியில் விரல்கள் நடுங்கின, ஆனால் எழும்பவில்லை. பிள்ளை அம்மாவின் வாயைப் பார்த்தாள், மடியில் கிடந்த கைகளைப் பார்த்தாள். அவளுடைய கை பாதி வழியில் நின்று, மூக்கைச் சொறிந்துவிட்டு, கீழே இறங்கியது.